பாண் வாங்கப் போனவரின் நெஞ்சு

கணவன்மாரின் போனை மனைவிமார் எட்டிப் பார்ப்பது பழைய கதை. போன வாரம் நான் என் மனுசனின் நெஞ்சையே எட்டிப் பார்த்துவிட்டேன்!

தோஹாவில் இருக்கும் மகன் அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தான். கையில் கட்டினால் போதும் — நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது, ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார், எல்லாம் அவன் போனிலும் தெரியும், என் போனிலும் தெரியும். இவரும் சந்தோசமாகக் கட்டிக்கொண்டார். பென்சன் எடுத்த கிளார்க். ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்படித்தான் நானும் நினைத்தேன்.

பிறகு மகன் கோல் எடுத்தான். "அம்மா, அப்பா பின்னேரத்தில எங்க போறவர்?"

"பேக்கரிக்கு, பாண் வாங்கத்தான் மனே. ஏன்?"

"வழியில ஒரு இடத்தில சைக்கிள் ஊர்ந்து ஊர்ந்து போகுது. ஆனா நெஞ்சு மட்டும் ஓடுது. ஒவ்வொரு நாளும் அதே இடம்தான். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க."

அவனுக்கு வந்தது நோய்ச் சந்தேகம். எனக்கு...? மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாவிக்கரை வீதி வளைவு. அங்கேதான் தையல்காரி வசந்தியின் வீடு. நன்றாகத் தைப்பாள். அதைவிட நன்றாகச் சிரிப்பாள்.

அன்று என் உடம்பு ஆடிய கூத்தைக் கேளுங்கள். வாய் காய்ந்தது. உள்ளங்கை வேர்த்தது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். ஆபத்து என்றால் ஒன்று அடி, அல்லது ஓடு — உடம்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிரே நிற்பது யானையா, தையல்காரியா என்று அது விசாரிப்பதில்லை. இத்தனை வருசம் கட்டிக் காத்த குடும்பம் ஒரு பிளவுஸில் போய்விடுமோ என்று பயந்தே போனேன்.

"பிளவுஸ் ஒண்டு தைக்கக் கிடக்கு. வசந்தியிட்டக் குடுக்கட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"உங்கட விருப்பம் புள்ள" என்றார், தேத்தண்ணிக் கோப்பையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தீர்களா? கண்ணை எடுக்கவில்லை!

மறுநாள் இவர் புறப்பட்டதும், ஸ்கூட்டியில் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். வளைவு வந்தது. இவர் சைக்கிளை விட்டு இறங்கினார். எனக்குத் திக்கென்றது.

ஆனால் வசந்தி வீட்டுப் பக்கம் இவர் திரும்பவே இல்லை. தொப்பியைக் கழற்றினார். சேர்ட் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தார். தலையைக் குனித்துக்கொண்டு, எதிரே இருக்கும் ஐஸ்கிரீம் கடையைத் தாண்டும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். தாண்டியதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறப் போனார்.

கிட்டப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சேருங்க, ஏன் இறங்கினீங்க?"

திடுக்கிட்டுப் போனார். "எங்க இறங்கின நான்? பாண் வாங்கப் போறன்."

"இவ்வளவு தூரமும் உருட்டிக்கொண்டு வந்தீங்களே!"

சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நானா...?"

நடிக்கத் தெரியாத மனுசன். பொய் சொல்லவில்லை.

திரும்பி அந்த ஐஸ்கிரீம் கடையைப் பார்த்தேன். பிள்ளைகள் கோனுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். யுத்த காலத்தில் அதே இடத்தில்தான் மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண், சென்றி, இருந்தது. தூரத்திலேயே இறங்கிவிட வேண்டும். தலையில் இருப்பதைக் கழற்ற வேண்டும். ஐடென்டிக் கார்ட் கைக்கெட்ட இருக்க வேண்டும். இறங்க மறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மூட்டைகளை அகற்றி எத்தனையோ வருசம். இவர் மூளைக்கு அது தெரியும். கால் இன்னும் நம்பவில்லை. நான் இவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, இவர் உடம்பு அந்த ஐஸ்கிரீம் கடையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வாங்க, போவம்" என்று ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணக் குனிந்தேன்.

எஞ்சின் எப்போதோ நின்றிருந்தது. நானும் கடையைத் தாண்டி உருட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். எங்கே இறங்கினேன்... நினைவே இல்லை. ஹெல்மெட் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்ல காலம், மகன் எனக்கு வாட்ச் அனுப்பவில்லை.