தூவிப் போர்வைக்கு ஒரு வரப்பு

"மாஸ்டர், போர்வைக்குப் பஞ்சு வேண்டாம். தூவி கொண்டு வரேன்."

ஐப்பசிக் கடைசியில் என் போனுக்கு வந்த குறிப்பு இது. எதைத் தூவி என்று புரியாமல் இரண்டு முறை படித்தேன். அகராதி பார்த்த பிறகுதான் நினைவு வந்தது: தூவி என்றால் பறவையின் மென்மயிர். பழம்பாட்டில் படித்த சொல் ஒரு ஆர்டரில் வரும் என்று நினைக்கவில்லை. தஞ்சாவூரில் ரெயின்கோட்டும் வண்டி கவரும் தைத்து ஓய்ந்தவன் நான்.

அனுப்பியவர் நஸ்ரின், ஒரத்தநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவர். போன வருஷம் இமயமலையில் முதுகுச் சுமையைக் குறைக்கக் கனத்த கம்பளியை விட்டுவிட்டுப் போய், குளிர் தாங்காமல் பாதியில் இறங்கியவர். மறுபடி மலையேற, எடை குறைந்த போர்வை ஒன்றை என்னிடம் கேட்டிருந்தார்.

"இந்தத் தடவையும் இறங்குனா வீட்ல அப்புறம் விடவே மாட்டாங்க மாஸ்டர்."

இறுக்கம்

நஸ்ரின் வீட்டுக்குக் கொண்டுவந்த தூவிப் பையைப் பிரித்தோம். புழுக்கம் தாங்காமல் என் மனைவி செல்வி பழக்கத்தில் ஃபேனைப் போட்டாள். அறை முழுக்க வெள்ளை.

"தஞ்சாவூர்ல பனி பெஞ்சுடுச்சு, டாக்டரம்மா! நீங்க அவ்வளவு தூரம் போவானேன்?" என்றாள் செல்வி.

மிச்சத்தை மாதிரித் துண்டில் இலவம்பஞ்சு மாதிரி குத்தி அடைத்தேன். மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்துக் குறுக்கே தைத்தேன். நஸ்ரின் அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. உள்ள நிக்கிற காத்துதான் மாஸ்டர் சூடு. தையல் போன இடமெல்லாம் ஒட்டிக்கிடக்கு பாருங்க, அது வழியா குளிர் இறங்கிடும்."

குறுக்குத் தையல் இல்லாமல் தளர்த்திப் போட்டால் தூவி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடியது.

"வரப்பு இல்லாம தண்ணி எங்கயாவது நிக்குமா? பாத்தி கட்டுங்க," என்றாள் செல்வி.

வரப்பு

பாராசூட் துணி இரண்டுக்கும் நடுவில், நெட் துணியை நாடாவாக வெட்டிச் செங்குத்தாக நிறுத்தித் தைத்தோம். ஃபேன் இல்லாமல், வியர்வை சொட்ட, ஒவ்வொரு பாத்தியிலும் தூவியைத் தளர்வாக விட்டோம்.

முடிந்ததும் நஸ்ரின் முழுப் போர்வையையும் ஒரு சிறு பையில் திணித்தார். உரிக்காத தேங்காய் அளவு. திறந்து தரையில் போட்டார். யாரும் தொடவில்லை. அது தானாக, மூச்சு இழுப்பதுபோல் எழும்பியது. செல்வி அதன் அடியில் கையை விட்டு, உடனே உருவிக்கொண்டாள்.

"அய்யோ, கை வேகுதுங்க!"

தை மாதம் நஸ்ரினிடமிருந்து செய்தி வந்தது: "கடைசி கேம்ப் வரைக்கும் போயிட்டேன் மாஸ்டர். பாட்டில் தண்ணி உறைஞ்சு போச்சு. நான் உறையல."

வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தைப்பதே என் தொழில் என்றிருந்தேன். உள்ளே இருப்பதை நசுக்காமல் தைப்பதும் தையல்தான் என்று ஓய்வுக்குப் பிறகே கற்றேன்.

அறுவடை முடிந்த நம் வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்கும் வாத்துகளின் தூவியா அது? பையில் 'வாத்து' என்று மட்டும் இருந்தது. எந்த ஊர் என்று இல்லை. விற்றவரிடம் நஸ்ரின் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. இதுவரை உறுதியாகவில்லை.