ஜெஸி யோசிக்கிறாள், வாயை மூடு

காளவாசலில் பிளெக்ஸ் பேனர் அடிக்கப் போனவர்களில் ஜெஸியிடம் அடி வாங்காமல் திரும்பியவர்கள் குறைவு. கீபோர்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் கிடக்கும். அளக்கிறதுக்கு என்பாள். அவள் எதையும் அளந்து யாரும் பார்த்தது கிடையாது. தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அக்கா, அந்த மாமா படத்தை இன்னும் கொஞ்சம் பெருசா..." என்று மானிட்டரைத் தொட்டவன் விரல் முட்டியைத்தான் அது அளந்திருக்கிறது.

ஊர் டி. கல்லுப்பட்டி. அப்பா ராயப்பன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகளும் டீச்சராவாள் என்று டிரெயினிங்கில் சேர்த்துவிட்டார். அவள் பாதியில் ஓடி வந்துவிட்டாள், பிள்ளைகள் பிழைத்தன. முகேஷ் என்பவரின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான், எத்தனையோ வருஷமாகிவிட்டது, எழுந்திருக்கவில்லை.

கை வேகம் எல்லாக் கடையிலும் உண்டு. ஜெஸியிடம் இருந்தது வரி. ரிட்டயராகிற பஸ் டிரைவருக்கு, "இனிமேல் ஜன்னலோர சீட்டு உங்களுக்கு" என்று போட்டாள். அந்த ஆள் தன் பேனரைப் பார்த்து நடுரோட்டில் நின்று அழுதார், பின்னாலே டிராபிக் ஜாம். காதுகுத்துக்கு, "மாமன் மடியில் ஊசிகூட உறைக்காது" என்று போட்டாள். அந்த வருஷம் மாமன்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி ஒரு வரி வர அவளுக்கு வேண்டியது ஒரு படம், பேச ஒரே ஆள், கொஞ்சம் அமைதி. இந்தக் காலத்தில் அந்த மூன்றும் கிடைக்குமா? ஒவ்வொரு பேனருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். சித்தப்பா வாய்ஸ் நோட் அனுப்புவார். அவர் பேச்சைக் கேட்காதே என்று பெரியப்பா அனுப்புவார். இடையில் எவனோ குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புவான். யோசிக்க விடுங்கண்ணே என்றால் முகேஷ் சிரிப்பார்.

"வந்ததை அப்படியே ஒட்டி விடு தாயி. நீ என்ன காவியமா எழுதப் போற?"

அப்படி ஒட்டி விட்டதில்தான் வினை வந்தது. ஒரு திருவிழா நேரம். ஏழெட்டு குரூப்பும் ஒரே நேரத்தில் கத்த, பேரையூர்ப் பக்கத்துப் பையன்கள் பேனருக்கு வரி அனுப்பியிருந்தார்கள். ஜெஸி காப்பி பண்ணினாள், ஒட்டினாள், அடித்துக் கொடுத்தாள். படிக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து அதே பையன்கள் பத்துப் பதினைந்து பேர் வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவன் காளை. கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்தது.

"அக்கா, எங்க கூட்டாளி முத்துப்பாண்டியை வெட்டிட்டானுக. டீக்கடை வாசல்லயே. தலை தனியா தொங்குச்சுக்கா." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பாடி ஆஸ்பத்திரியில கிடக்கு. சாயங்காலம் ஊருக்குப் போறதுக்குள்ள பேனர் வேணும். போன தடவை நீங்க அடிச்சது சும்மா தெறிச்சுச்சுல்ல, அதே மாதிரி. அதைக் கிழிக்க வந்தவனுகதான் சண்டையை இழுத்து, இப்ப ஆளையே போட்டுட்டானுக."

ஜெஸி பழைய பைலைத் திறந்தாள். அன்று ஒட்டிய வரியை முதல் தடவையாகப் படித்தாள். "எங்கள் நிழலில் ஒதுங்கும் நாய்களே, வாலைச் சுருட்டுங்கள்." மறுபடியும் படித்தாள்.

"இந்தத் தடவை என்ன போடணும்?"

"'சிந்திய ரத்தம் காயுமுன் கணக்கு நேராகும்.'"

"அப்படின்னா?"

"அங்கயும் ஒரு எழவு விழும்னு அர்த்தம்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கம் படம், அருவாள் படம், தத்தம் மூஞ்சி, வேறு வேறு வரி. டிங், டிங், டிங். "அக்கா, என் படம் வந்துச்சா?" "டேய், கூலிங் கிளாஸ் போட்டதை அனுப்புடா!" செத்தவன் படத்தை மட்டும் ஒருத்தனும் அனுப்பவில்லை.

ஜெஸி எழுந்து நெட் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"அவன் வீட்டு ஆளு யாரு வந்திருக்கா?"

"மாயக்காள் அத்தை. அவன் ஆத்தா. வேன்ல இருக்கு."

"அவங்க மட்டும் உள்ள வரட்டும். மத்தவன் எல்லாம் வெளிய. நான் யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? சொன்னதை அடிக்கா."

"இதை அடிக்க மாட்டேன்."

காளை சட்டைக்குப் பின்னாலிருந்து அருவாளை உருவினான். ஒரே வெட்டு. மானிட்டர் நடுவாக்கில் பிளந்து தீப்பொறி பறந்தது. அடுத்த வெட்டுக்கு ஓங்கினபோது இரும்பு ஸ்கேல் அவன் நெற்றியில் இறங்கியது. புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. பையன்கள் ஷட்டர் பக்கம் சிதறினார்கள். முகேஷ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "பேசித் தீத்துக்கலாம்ப்பா" என்று குரல் மட்டும் வந்தது.

சத்தம் கேட்டு மாயக்காள் உள்ளே வந்து நின்றாள். பையன்களை வெளியே தள்ளி ஜெஸி ஷட்டரை இழுத்து விட்டாள். மானிட்டர் செத்துவிட்டது, நெட் இல்லை, ஒரு டிங் இல்லை. காளை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கடையில் அப்படி ஒரு அமைதியை ஜெஸி கண்டதில்லை.

அவள் மாயக்காளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"சோத்தைப் போட்டுட்டுக் கூப்புட்டேன். 'சூடா இருக்கும், ஆறட்டும், இந்தா வாரேன்'னு போனான்." மாயக்காள் அழவில்லை. "ஆறிருச்சு தாயி. இன்னும் மூடியே வச்சிருக்கேன். எடுக்க மனசு வரல."

ஜெஸி யோசித்தாள். காளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பிறகு பின் அறைக்குப் போனாள். பிரிண்ட் மிஷினுக்கென்று அங்கே தனிக் கம்ப்யூட்டர். பழைய திருவிழா பேனரை அதில் திறந்து, கூட்டத்திலிருந்து பேரைப் பார்த்து முத்துப்பாண்டியை மட்டும் வெட்டி எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் வெள்ளை. கீழே எழுதினாள்:

"ஆறிய சோற்றின் முன்னால் உட்கார்ந்திருக்க நான் ஒரு தாய் போதும். – மாயக்காள்."

மிஷின் வலதும் இடதுமாக ஓடி அதைத் துப்ப ஆரம்பித்தது. காளை வந்து பார்த்தான்.

"எங்க படம் ஒண்ணுகூட இல்ல? இதைக் கட்டுனா அவனுக சிரிப்பானுகக்கா!"

மாயக்காளுக்குப் படிக்கத் தெரியாது. ஜெஸி வாசித்துக் காட்டினாள். முடித்த கையோடு காளை கன்னத்தில் ஒரு அறை விழுந்தது, மாயக்காள் கை.

"சிரிக்கட்டும்டா. உன் ஆத்தாளும் என் பக்கத்துல வந்து உக்காரணுமா? அதை இப்படிக் குடு."

அருவாளைக் கொடுத்தான். கொடுத்ததும் அங்கேயே குத்தவைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். ஜெஸி துணியை நனைத்து அவன் நெற்றியில் அமுக்கினாள். "சாரி எல்லாம் கேக்க மாட்டேன். ரெண்டு தையல் போட்டுக்க." மாயக்காள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்தப் பழைய பேனர் வரியை நான் படிக்காமலே போட்டுட்டேன்."

"படிச்சிருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன்."

மாயக்காள் அவளையே பார்த்தாள்.

"அப்ப இனிமே படி."

ஷட்டர் தூக்கியதும் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன மாப்ள, எப்பக் கிளம்புறோம்? அவனுக இருக்கிற இடம் தெரிஞ்சிருச்சு. வாய்ஸ் நோட் வந்திருக்கு, கேளு."

காளை பேனரின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"முதல்ல இதைப் பிடிங்கடா. மை காயல. மடக்குனா முத்து மூஞ்சி ஒட்டிக்கும். ரெண்டு கையாலயும் பிடிங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இருபது அடி பேனர், மடக்காமல் வேனுக்குள் நுழையாது. காயட்டும் என்று வெயிலில் விரித்துப் பிடித்தபடி, பைபாஸ் ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். குனிந்தால் வரி கண்ணில் படும். ஒருத்தன் படித்தான், பக்கத்தில் நின்றவனும் படித்தான். பாக்கெட்டுகளுக்குள் போன்கள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. எடுக்கத்தான் கை இல்லை.