தையல்கார அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்

ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது என் மாமியார்தான். எங்கள் ஃபிரிட்ஜில் எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு குழம்பு மிச்சம் இருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சைக்குப் போவதை வீட்டில் சொல்வதில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம். முன்பு வெறும் மாத்திரை சாப்பிட்டதே பிள்ளைச்சாவடியில் இருக்கும் மாமியாரின் தங்கை காதுவரை போய், அங்கிருந்து ஆளாளுக்கு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள்.

அதனால் பக்கத்துத் தெருவில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவிடம் கேட்டேன். அவர் கிறிஸ்தவர், தனியாக இருந்தார். வைத்துக்கொள் என்றார். என்ன மருந்து, யாருக்கு என்று கேட்கவே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. எங்கள் பக்கம் கையில் ஒரு பையோடு போனாலே உள்ளே என்ன என்று கேட்பார்கள். கேட்காமல் இருப்பவருக்கு என்னிடம் வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

சாயந்திரம் தோறும் துணிப்பையோடு போவேன். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவருடைய பின்னறையில் வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொள்வேன். எத்தனை ஜாக்கெட்தான் தைப்பாய் என்று மாமியார் ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து தெருமுனை திரும்பும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கும் பழக்கம் வந்தது.

ஒருநாள் மருந்துப் பெட்டி இடம் மாறியிருந்தது. கதவுப் பக்கம் வைத்தது மேல்தட்டில் இருந்தது. மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் இழுத்த மாதிரி ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு, சிலுவை போல. மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நர்ஸுக்கு போன் செய்தேன். சீல் உடையாமல் இருந்தால் பயமில்லை என்றார். தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு, மதத்துக்கு ஆள் சேர்க்கிறார்களோ என்னவோ, பார்த்து நடந்துகொள் என்றார்.

அதற்குப் பிறகு அக்கா கொடுத்த டீயில்கூட எனக்கு ஒரு கணக்கு தெரிந்தது. மாதா கோயிலுக்கு வா என்று எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. இன்னும் நேரம் வரவில்லை என்று இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயந்திரம் சீக்கிரமே போய்விட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஃபிரிட்ஜ் முன்னால் அக்காவும் அவரோடு கோயிலுக்குப் போகும் குருசுக்குப்பத்துப் பெண்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மூன்று பேர் கையும் என் பெட்டிமேல் இருந்தது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

"யார் யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உன் பேர சொல்லல. ஊசியப் பாத்து நானா புரிஞ்சிக்கினேன், கொழந்தைக்காக ஒரு பொண்ணுக்குன்னுதான் சொன்னேன். மருந்த தொறக்கல, மூடி மேலதான் ஜெப எண்ணெய தடவி கைய வெச்சோம்."

"என்னை உங்க கோயிலுக்கு இழுக்கத்தானே இதெல்லாம்?"

"நான் ஒருநாளாவது கூப்ட்டனா?"

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனைவரைதான் போக முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெயில் இன்னும் தணியவில்லை, ஊசி போடும் நேரமும் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்பினேன். அக்கா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"புடிக்கலன்னா உட்டுடறோம்," என்றார்.

அடிக்கடி ஃபிரிட்ஜைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அந்த முறை கரு தங்கவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன். சில நாள் கழித்து நேரில் போனபோது பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆண்டவர் சித்தம் என்று அவர் ஆரம்பித்தால், மருந்துமேல் கை வைத்ததற்கு இதுதான் பலனா என்று கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம பூசைக்கு நான் போவல. மாதாகிட்ட பேசறதே இல்ல. அத்தினி கேட்டும் குடுக்கலன்னா அப்பறம் என்னா பேச்சு."

நடிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தைரியம் சொன்னார், டாக்டர் மறுபடி முயற்சி செய்யலாம் என்றார். எனக்காகக் கோபப்பட்டவர் அக்கா ஒருவர்தான். தைக்காத துணிக் குவியல்மேல் தலை வைத்து அழுதேன். மருத்துவமனையில்கூட நான் அழவில்லை.

பிறகு ஒருநாள், நானும் கோயிலுக்கு வரட்டுமா என்று கேட்டேன். இப்போது சந்தேகம் அவருக்கு.

"எதுக்கு? நான்தான் இழுத்துனு போனேன்னு பேசுவாங்க."

"பேசட்டும்க்கா."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா முட்டி போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக இருந்தார். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு ஜெபம் தெரியாது. பக்கத்தில் இருக்கிற இவங்ககூடச் சமாதானமா போங்க என்றுதான் மாதாவிடம் மனதுக்குள் சொன்னேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த ஊசி எப்போது ஆரம்பிக்கிறார்கள் என்று கேட்டார். தைப்பொங்கல் கழித்து என்றேன்.