அண்ணன் தம்பி இல்லாத படம்

அண்ணன் தம்பி சண்டை இல்லாத தமிழ்ப் படம் ஒன்று வேண்டும் என்று எந்தக் கடையிலாவது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலை, ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீடியோ கேசட் கடையில். பிற்காலத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, வில்லங்கமில்லாத சொத்து தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் தேடியதுகூட எப்போதாவது கிடைத்தது.

பெரியப்பா வருகிறார் என்பதுதான் விஷயம். அவர் பாரூரில் ஏரிக்கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் கரும்பும் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்த பிறகு தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டார். விற்றதில் குற்றமில்லை. விற்பதற்கு முன்னால் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. அப்பா இரண்டையும் விட்டுவிட்டு, வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

இப்போது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் பெண்வீட்டார் வரிசையில் முதல் பெயர் பெரியப்பாவுடையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு, அச்சடிக்காத அந்த ஒரு பெயரைத்தான் படிப்பார்கள். அம்மாவின் தம்பியான மாமா பாரூருக்கு நடையாய் நடந்து, "ஒரு ஞாயித்துக்கெழம வந்து தலைய காட்டிட்டுப் போறன்" என்று பெரியப்பா வாயால் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

முக்கியமான விருந்தாளிக்கு, கேசட் போட்டுப் படம் ஓட்டும் வீடியோ டெக் எடுப்பது அப்போது ஒரு மரியாதை. கலர் டிவி, டெக், கூடவே கேசட்டுகள், எல்லாம் ஒரு பகல் வாடகைக்கு வரும். கடைப்பையன் டிவியைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நோயாளியை அழைத்து வருவதுபோல் தள்ளிக்கொண்டு வருவான். அப்பாவின் கணக்கில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இருவர் ஒரு பகல் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருக்க முடியாது. படம் ஓடினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காரலாம்.

எல்லாம் சரிதான். ஆனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து, தேறியதற்குப் பச்சைச் சீட்டும் தேறாததற்குச் சிவப்புச் சீட்டும் ஒட்டுவது அவர் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. படத்தில் அண்ணன் தம்பி தகராறு இருக்கக்கூடாது. நிலம் விற்கக்கூடாது. வரப்பு வெட்டக்கூடாது. தம்பி ஊரை விட்டுப் போகக்கூடாது. பெரியப்பா எதையும் குத்திக்காட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள். கல்யாணமே இதில் இருக்கிறது என்று சொல்லி என்னையும் மாமாவையும் கடைக்கு அனுப்பினார்.

மாமா முதலில் ஒரு குடும்பப் படத்தை எடுத்தார். கடைக்காரர் கதை சொன்னார். வீட்டின் நடுவே சுவர் எழுப்புகிறார்களாம். வைத்துவிட்டோம். சண்டைப் படம் பாதுகாப்பானது என்றார் மாமா. அதில் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்த அண்ணனும் தம்பியும், ஒருவன் போலீஸ், ஒருவன் திருடன். சிரிப்புப் படத்தில் தம்பி அண்ணன் பெயரில் போலிக் கையெழுத்துப் போடுகிறான். பேய்ப் படத்தை நம்பிக்கையோடு கேட்டேன். பேய் யார் என்றால், சொத்துக்காகக் கிணற்றில் தள்ளப்பட்ட அண்ணன். காதல் படத்தில் அண்ணன் தம்பி இல்லை. ஆனால் பெண் வீட்டைவிட்டு ஓடுகிறாள். கல்யாண வீட்டில் அதைப் போட முடியுமா? சீனாக்காரர்கள் காற்றில் பறந்து உதைத்துக்கொள்ளும் படம் ஒன்று இருந்தது. எதற்காக உதைக்கிறார்கள் என்று மாமா கேட்டார். அண்ணனைக் கொன்றவனைத் தம்பி தேடுகிறான் என்றார் கடைக்காரர். மாமா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினோம். இதற்கு இவ்வளவு நேரமா, சாமிப் படம் எடுத்துவர வேண்டியதுதானே என்றாள் அம்மா. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிவப்புச் சீட்டு ஒட்டினார். மாம்பழம் அண்ணனுக்குக் கிடைத்துவிட, தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிப் போகிற கதை அதில் வராமல் இருக்குமா என்று கேட்டார். பாரூரிலிருந்து பார்த்தால் ஓசூரும் மலைமேல்தான் இருக்கிறது. கடவுளே பங்காளித் தகராறில் இருக்கும்போது மனிதன் எந்தப் படத்தைப் பார்ப்பது?

மீண்டும் சைக்கிள். கடை சாத்தும் நேரத்தில் மாமாவுக்கு யோசனை வந்தது. கன்னடப் படம். கதை என்னவாக இருந்தாலும் பெரியப்பாவுக்குப் புரியாது. பாட்டையும் சண்டையையும் பார்த்துவிட்டுப் போவார். பெங்களூரிலிருந்து வந்த கேசட் ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். உறையில் ஒரு பூந்தோட்டம், அதில் ஒரு பெண். கடைக்காரரே இன்னும் பார்க்கவில்லையாம். அப்பா பச்சைச் சீட்டு ஒட்டினார். வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு மூட்டை வெல்லத்தோடு வந்தார். அம்மாவிடம் பேசினார், அக்காவின் தலையைத் தொட்டார், அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. அம்மா டிவிக்குக் கற்பூரம் காட்டினாள். நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியான வீட்டுக்காரம்மா தன் மகளோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அவர்கள் வீட்டில் கன்னடம்தான். அந்தப் பெண்ணோடு விளையாடி விளையாடி எனக்கும் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. படத்தில் எழுத்து ஓடத் தொடங்கியதும், கன்னடப் படம் என்று அப்பா பொதுவாக அறிவித்தார். பெரியப்பா டிவியைப் பார்த்தபடியே, "வெல்லத்த ஏத்திக்கிட்டு எத்தன வருசமா பெங்களூரு மண்டிக்குப் போறன். கன்னடம் வராதா எனக்கு?" என்றார்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

பூந்தோட்டம் ஒரு பாட்டோடு முடிந்தது. அடுத்த காட்சியில் ஒரு வீடு, ஒரு அண்ணன், ஒரு தம்பி. தம்பி நிலத்தை விற்றுவிட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து டெக்கின் பொத்தான்களைத் தடவி, ஹெட்டில் அழுக்கு இருக்கிறது, படம் தெளிவாக வராது, நிறுத்திவிடலாம் என்று முணுமுணுத்தார். படம் பளிங்குபோல் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கட்டும், ஓடட்டும் என்றார் பெரியப்பா.

திரையில் அண்ணன் ஒரு தகரப்பெட்டியைத் தெருவில் வீசி, இனி இந்த வீட்டில் உனக்குச் சோறில்லை என்று கத்தினான். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் எல்லோருக்குமாக மொழிபெயர்த்தார்.

"பொட்டி கனமா இருக்குது, பாத்துத் தூக்கிக்கிட்டுப் போடாங்கறான்."

தவறைத் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. அன்றும் அப்படித்தான். "இல்ல பெரியப்பா, இனிமே உனக்குச் சோறு கெடையாதுங்கறான்" என்றேன். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே, "நீ கம்முனு பாரு" என்றார்.

கம்மென்று பார்த்தேன். அண்ணன் வக்கீல் வீட்டில் உட்கார்ந்து, வழக்கு எந்தத் தேதிக்கு வருகிறது என்று கேட்டான். எளிய கன்னடம், குழந்தைக்குப் புரியும். பெரியப்பா நீளமாக மொழிபெயர்த்தார்.

"நெலம் போனது பெருசில்ல. எவனோ ஒருத்தன் சந்தையில வந்து சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அதத்தான் என்னால தாங்கிக்க முடியலங்கறான்."

நியாயம் கேட்டு வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். கன்னடத்தில் பிறந்து வளர்ந்தவர், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவர் டிவியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, வர மறுத்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பால்காரர் அன்று அவர்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். காலையில் காபிக்கே எங்கள் வீட்டில்தான் ஒரு டம்ளர் பால் வாங்கிப் போனார்கள்.

இனி அப்பாதான் சரிசெய்ய வேண்டும். கம்பெனியில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். அவர்களோடு கன்னடத்தில் சண்டை போட்டு, கன்னடத்திலேயே சமாதானமாகிறவர் அவர். திரையில் தம்பி மறுபடி பூந்தோட்டத்துக்கு வந்து, அந்தப் பெண்ணின் கண்களைத் தாமரை என்று பாடிக்கொண்டிருந்தான். அப்பா அதையே பார்த்தபடி சொன்னார்:

"தம்பிக்குப் பயமா இருந்துச்சாம். அண்ணன் மூஞ்சிய பாத்து விக்கறன்னு சொல்ல வாய் வரலையாம்."

"அப்பிடியா சொல்றான்?"

"அப்பிடித்தாண்ணா சொல்றான்."

பாட்டில் தாமரை முடிந்து மான்குட்டி வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. கேட்பார் இல்லாத அநியாயம். ஒருவருக்குத் தெரியாது, சரி. தெரிந்தவரும் சேர்ந்துகொண்டு இப்படிச் சொன்னால்? சமையலறை வாசலில் அம்மா கரண்டியும் கையுமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னடம் ஒரு சொல்லும் தெரியாது. இவர்கள் சொல்வதை நம்பி அழுகிறாளே என்று அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

பாதியிலேயே பெரியப்பா போதும் என்றார். சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா தன் கையால் அவர் இலைக்குப் பரிமாறினார். படத்தின் முடிவை நான் மட்டும் தனியாகப் பார்த்தேன். அண்ணன் அரிவாளோடு வந்து தம்பியை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனான். இதை இவர்களிடம் போய்ச் சொன்னால் அதையும் வேறு எதுவாகவாவது மாற்றிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

புறப்படும்போது பெரியப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "பத்திரிகையில இனிஷியல சரியா போடச் சொல்லு. மச்சான் ஊட்டுக் கல்யாணத்துல தப்பா போட்டுட்டானுங்க."

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அப்பா திரும்பி வருவதற்காகக் காத்திருந்து கேட்டேன்: படத்தில் யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே? அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கேசட்டில் சவுண்டு சரியில்லை என்றார்.

இது முறையான புகார். மாலையில் மாமாவோடு கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரரிடம் பதிவு செய்தேன். சவுண்டு மோசம், வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் வசனம் தப்புத்தப்பாகக் கேட்டது, இப்படிக் கேசட் கொடுத்தால் எப்படி என்று கேட்டேன். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். கடைக்காரர் கேசட்டைக் கடை டெக்கில் போட்டு ஓட்டிக் காட்டினார். தகரப்பெட்டி தெருவில் வந்து விழுந்தது. இனி இந்த வீட்டில் உனக்குச் சோறில்லை. தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது தெளிவாகக் கேட்டது.

"நல்லாத்தானே கேக்குது கண்ணு?" என்றார்.

கேட்டது. ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவமானத்தோடு சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கேசட்டில் குறையில்லை, டெக்கில் குறையில்லை; இருவர் காதுகளும் நன்றாகத்தான் இருந்தன. மீதியிருந்தது ஒரே காரணம்தான். அப்பாவுக்கும் அவர் அண்ணனைப் போலவே உண்மையில் கன்னடம் தெரியாது. இத்தனை நாள் எங்களையும் கம்பெனியையும் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அவரைப் பாடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.