கல்லிடைக்குறிச்சிக்கு இசக்கியின் செலவில்

போன மாதம், ஜனவரியில், உறவினர் கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து திருநெல்வேலி போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மிச்சமிருந்தது. இசக்கியைக் கூப்பிட்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு பாளையங்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் இருவரும் சேலைப் பிரிவில் விற்பனைப் பெண்களாக நின்றோம். மாதம் ஒரு ஞாயிறு விடுமுறை. அன்று ரயிலேறிக் கல்லிடைக்குறிச்சி போய், ஆற்றில் ஊறிவிட்டு வருவோம். ஒரு மாதம் முழுச் செலவும் என்னுடையது, மறுமாதம் அவளுடையது. எனக்குக் கல்யாணமானதோடு அது நின்றது. அவள் இன்றும் அதே வேலைதான், கடை மட்டும் வேறு. பழையபடி பேசிக்கொள்ள முடியுமா என்று எனக்கு உள்ளூரப் பயம்.

காலை 9.50 செங்கோட்டை பாசஞ்சர். ஏறக்குறைய 33 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆளுக்குப் பத்தே ரூபாய்! பெங்களூரில் பத்து ரூபாய் என்றால் ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தக் காலத்து டிக்கெட் ஐந்து ரூபாய் என்றேன் நான், ஏழு என்றாள் இசக்கி. சேரன்மகாதேவி வரை சண்டை போட்டோம், தீரவில்லை.

டிக்கெட்டுக்குப் போனைக் காட்டி நானே கொடுத்தேன். பிளாட்பாரத்தில் டீயும் வடையும் 44 ரூபாய், அதுவும் நான். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி ஆற்றுக்கு ஆட்டோ 60 ரூபாய், அதுவும் நான்தான். அவளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் ஆட்டோவிலேயே அவள் பேச்சு குறைந்துவிட்டது.

தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீர், ஜில்லென்று ஓடியது. நான் முங்கி எழுந்தபோதும் அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, உம்முன்னு இருக்கே?"

"கடைசியா இங்கன வந்தோமே, உன் கல்யாணத்துக்கு முந்தின மாசம். அது யாரு செலவு?"

எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"உன் செலவு. அப்போ இன்னைக்கு என் முறை. நீ பாட்டுக்குப் போனைப் போனைக் காட்டுதே. எனக்குப் படியளக்கவாட்டி வந்திருக்கே?"

வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக அவள் தன் முறையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நானோ வந்திறங்கியதும் அதைப் பிடுங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "பைய குளி, சோறு என் செலவு" என்று தண்ணீரில் இறங்கினாள்.

அம்பாசமுத்திரத்துக்கு டவுன் பஸ், மூன்று கிலோமீட்டர். கண்டக்டர் வந்ததும் அந்தக் காலத்து ஞாபகத்தில் இருவருமே காசை நீட்டினோம்.

"அக்கா, ரெண்டு பேரும் கையைக் கீழ போடுங்க. பொம்பளையளுக்கு ஓசி. இந்த வண்டியில யாரும் யாருக்கும் டிக்கெட் எடுக்க முடியாது."

இசக்கி சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சாப்பாடு இரண்டு, 220 ரூபாய். அவளுடைய அரைநாள் சம்பளத்துக்கு மேல். அவள் கைகழுவப் போன நேரத்தில் ஓர் ஐந்நூறு ரூபாயை அவள் பையில் செருகிவிடலாமா என்று நோட்டை எடுத்தேவிட்டேன். பிறகு மடித்து என் பைக்குள்ளேயே வைத்தேன். அன்று முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

திரும்பும் ரயில் 20 ரூபாய், அப்பளம் கால் கிலோ 70, ஜங்ஷனில் அல்வா கால் கிலோ 80. எல்லாம் இசக்கி. என்னை விட்டுப் போகும்போது, "அடுத்த மாசம் உன் முறை. ஏமாத்திட்டு அங்கனயே உக்காந்துராத" என்றாள்.

போகிறவர்களுக்கு: மாற்றுத்துணி அவசியம். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்க வேண்டாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளியோடு போனால் யார் முறை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே கொடுத்துத் தீர்த்துவிட்டால், மறுபடி உங்களைக் கூப்பிட அவர்களுக்குச் சாக்கே இருக்காது.

அவள் சொன்ன அடுத்த மாசம் வந்துவிட்டது. பத்து ரூபாய் ரயிலில் இரண்டு டிக்கெட் எடுப்பதற்காக, நானூற்றுச் சொச்சம் கொடுத்துப் பெங்களூரிலிருந்து படுக்கை டிக்கெட் போட்டிருக்கிறேன்.