இரண்டாவது ரிசீவர்

எனக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில்தான் கருமத்தம்பட்டியில் எஸ்.டி.டி. பூத் நடத்த அனுமதி கிடைத்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் வாடிக்கையாளர்கள் பேசுவார்கள். வெளியே என் மேஜைமேல் சிவப்பு எண்கள் ஓடும் மிஷினும், அதே லைனில் இணைத்த இன்னொரு போனும் இருக்கும். லைன் கிடைத்ததா என்று பார்க்க மட்டும் அந்த ரிசீவரை எடுப்பேன். கிடைத்ததும் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே அழுகிறவர்கள் உண்டு, சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கென்ன?

கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த வருஷம் அந்தப் பழக்கம் போயிற்று.

வெடித்துச் சில வாரங்கள் இருக்கும். சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஒரு அட்டையைக் காட்டினார். படித்து முடிப்பதற்குள் பைக்குள் வைத்துவிட்டார். எந்த ஆபீஸ் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. யார் எந்த நம்பருக்குப் பேசினார்கள் என்று எழுதும் ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது.

“ஏனுங்க அம்மணி, இந்த பாய் வாராவாரம் பாலக்காட்டுக்குப் பேசறாரே, யாருகிட்டங்க?”

“மகளுங்க. அங்க கட்டிக் குடுத்திருக்குதுங்க.”

“மகள்னு யாரு சொன்னது?”

“அவருதானுங்க.”

“பாத்தீங்களா.” சிரித்தார். “அடுத்த தடவ ரிசீவரக் கீழ வெக்காதீங்க. பேசறத அப்படியே எழுதிப்போடுங்க. உங்க யோசனையெல்லாம் எழுத வேண்டாமுங்க. ஊரு நல்லா இருக்கறதுக்குத்தானே?”

அவர் கடைசி வரைக்கும் குரலை உயர்த்தவே இல்லை. லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில்தான் தலையாட்டினேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதல்ல. குண்டு வெடித்த அன்று என் சித்தி மகன் டவுனில் இருந்தான். கண்ணாடித் துண்டு பாய்ந்து ஒரு கண் போயிற்று. செய்தவர்களில் ஒருவனை நானே என் பூத்தில் உட்காரவைத்து லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேனோ என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

பாய் கோயம்புத்தூர்க்காரர். புதன்கிழமை தோறும் தறிக்காரர்களிடம் துணி எடுக்க வருவார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். பேச்சுக்குழலைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மூன்று புதன்கிழமை கேட்டேன். முதல் வாரம் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வாரம் மகள், “அம்மா இருந்தா லேகியம் கிண்டிக் குடுத்திருப்பாங்க, அத்தா” என்றாள். “நான் கிண்டி அனுப்பறன் கண்ணு, அழுவாத” என்றார் பாய்.

மூன்றாம் வாரம் அவர் சொன்னது இது:

“வெள்ளிக்கிழம லாரியில பொட்டி வரும். குலுக்காம எறக்கோணும்னு மாப்பிள்ளகிட்டச் சொல்லு.”

பெட்டிக்குள் இருப்பது லேகிய ஜாடி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என் யோசனையை எழுத வேண்டாம் என்றுதானே அட்டை காட்டியவர் சொல்லியிருந்தார்? சொன்னதை மட்டும் எழுதினேன். மறுநாள் அவர் வந்து தாளை வாங்கி, அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அடுத்த புதன்கிழமை பாய் வரவில்லை. பக்கத்துத் தறிக்காரர் வந்து சொன்னார்.

“பாயை விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்களாமா. எங்கன்னே தெரியிலீங்க. நாலு நாளாச்சு.”

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, மனப்பாடமாகிவிட்ட அந்தப் பாலக்காட்டு எண்ணைச் சுழற்றினேன்.

“உங்க அத்தாவைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. வக்கீலப் பாருங்க.”

“யாருங்க நீங்க?”

வைத்துவிட்டேன். மிஷின் அடித்த சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

மூன்றாம் நாள் அட்டை காட்டியவர் வந்தார்.

“அந்த நம்பருக்கு இங்கிருந்து இன்னொரு கால் போயிருக்குதே, யாருங்க பேசுனது?”

“யாரோ ஒரு அம்மாங்க.”

“ரிஜிஸ்டர்ல இல்லீங்களே.”

“மறந்துபோட்டனுங்க.”

“சீட்டக் கிழிச்சாலும் எக்ஸ்சேஞ்சுல இருக்குமுங்க அம்மணி.” பேனாவை நீட்டினார். “பரவால்லீங்க, இப்ப எழுதுங்க. அந்த அம்மா பேரு, ஊரு.”

இல்லாத ஒருத்திக்கு ஒரு பெயரும் மதுக்கரையில் ஒரு விலாசமும் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கையெழுத்துங்க” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் காரணம் சொல்லவில்லை. வந்து பெயர்களைச் சொல்வார், நான் கேட்டு எழுதுவேன். அந்தப் பொய் விலாசம் அவரிடம் இருக்கும்வரை என்னால் முடியாது என்று சொல்ல வாயில்லை. காலேஜ் பையன் ஒருவன், டீச்சர் ஒருத்தி, தறிப்பட்டறையில் கூலி உயர்வு கேட்ட இரண்டு பேர். அவர்களுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்து பாய் வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“பேரன் பொறந்திருக்கானுங்க அம்மணி. லேகியத்தக் கம்பிய உட்டுக் கிளறிப் பாத்தாங்களாமா. அத எப்படிங்க அவளுக்குக் குடுக்கறது?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாரோ ஒரு பொண்ணு என் மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லுச்சாமா. அது நல்லா இருக்கோணுமுங்க. தொழுகையில கேட்டுட்டு இருக்கறன்.”

அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும். “லைன் போடட்டுங்களா?” என்றுதான் கேட்டேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. நான் ரிசீவரை எடுத்தேன்.

“அத்தா, போன்ல ஒண்ணும் பேச வேண்டாம்” என்றாள் மகள். “நேர்ல வாங்க.”

அவர் சரி என்றார். ஆனால் இருவரும் வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. கண்ணாடிக்குள் பாய் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

“குழந்தை அழுதது” என்று எழுதினேன்.

அதன்பிறகு பாய் என் பூத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பூத்தை ஒப்படைத்துவிட்டு, பெருந்துறையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். போவதற்கு முன், நான் எழுதிக் கொடுத்த தாள்களைப் பற்றி அட்டை காட்டியவரிடம் ஒருமுறை கேட்டேன்.

“பத்திரமா இருக்குதுங்க அம்மணி” என்றார். “ஒண்ணும் வீணாப் போகாது.”