இரைத் தகரத்து உப்பு

1938 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று மூன்று வாரமாக ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பல்லில் மணல் நறநறக்கும்.

அந்தக் காற்றுக் காலத்தில் வெளிக்கடல் கரையில் நின்று தூண்டில் வீச முடியாது. அலை நூலைச் சுருட்டி நம் காலடியிலேயே போட்டுவிடும். அதனால் எல்லோரும், கடல் உள்ளே புகுந்து அலையில்லாமல் கிடக்கும் களப்புப் பக்கம் வருவார்கள். புத்தளத்தை அடுத்த பாலாவியில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து களப்பை ஒட்டி வடக்கே நடந்தால் தூண்டில் போடத்தக்க இடங்கள் ஐந்து. முதலாவது உப்பளத்து வாய்க்காலின் வாய். அங்கே மீன் கூட்டமாகத் தெரியும், ஒன்றும் கடிக்காது. அடுத்தது கண்டல் வேர்களின் இடை. கெளிறு உண்டு, ஆனால் இரண்டு மீனுக்கு ஒரு நூல் அறுந்துபோகும். மூன்றாவது, தண்ணீருக்குள் நாக்குப் போல நீண்டு கிடந்த ஒரு மணல் திட்டு. காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளும் பிற்பகலில் கிளக்கன் மீன் அங்கேதான் மேயும். மற்ற இரண்டும் எப்போதும் வேறு ஆட்கள் பிடித்து வைத்த இடங்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

கிளக்கனுக்குச் சிறந்த இரை சேற்றுப் புழு. அதைத் தோண்ட முழங்கால்வரை சேற்றில் இறங்க வேண்டும். நான் கந்தோரில் எழுத்து வேலை செய்பவன், வெள்ளைச் சாரனும் சட்டையும் போட்டவன். ஆகவே இறால். கிளக்கனுக்கு வாய் சிறிது என்பதால் ஒவ்வோர் இறாலையும் மூன்று துண்டாக வெட்டுவோம். ஆகஸ்ட் வெயிலில் அந்தத் துண்டுகள் ஒரு மணி நேரத்தில் கூழாகி, முள்ளில் நிற்காமல் நழுவிவிடும். உப்பில் புரட்டி வைத்தால் இறுகும். இது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

அந்த உப்பை யாரும் கடையில் வாங்குவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். கோடையில் களப்பு ஓரம் வற்றி, சேற்றின் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டும். கையால் வழித்தால் போதும். ஆனால் அரசாங்கத்தின் உப்புச் சட்டப்படி தானாக விளைந்த உப்பும் அரசாங்கத்தின் சொத்து. வழிப்பது குற்றம். அதை மிதித்துச் சேற்றோடு சேர்க்கவென்றே காவல்காரர்கள் கரையில் நடப்பார்கள். நான் அந்த உப்புக் கந்தோரில்தான் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதினேன். காணி இல்லை, ஆண்பிள்ளை இல்லை. வயது போன பிறகு சோறு தரக்கூடியது என்று எனக்கிருந்தது பென்சன் ஒன்றுதான்.

அன்று என்னோடு வந்தவன் என் தங்கையின் புருஷன். குறிஞ்சிப்பிட்டிக்காரன். கருவாடு விற்கப் புத்தளம் வந்தால் என் வீட்டில் தங்குவான். நான் இருபத்திரண்டு இறாலை வெட்டி ஒரு பால்தகரத்தில் போட்டிருந்தேன். அவன் குனிந்து மணந்து பார்த்தான்.

"மச்சான், இது மீனுக்கா, மையத்து வீட்டுக்கா? இந்த நாத்தத்துக்கு எந்த மீன் வரும்?"

சொல்லிக்கொண்டே ஓரத்தில் இரண்டு பிடி பொருக்கை வழித்துத் தகரத்தில் போட்டான்.

"வேணாம். கொட்டு அத" என்றேன்.

"அல்லாட பூமியில கிடக்கிற உப்பு மச்சான்."

"பூமி அல்லாடதான். குத்தகை வெள்ளக்காரன்ட."

"நீங்க அந்தக் கந்தோர்ல இருந்து இருந்து ஒங்கட ரத்தத்துக்கும் கணக்கு வெச்சிட்டீங்க" என்று சிரித்தான். தகரத்தை என் கையில் தந்துவிட்டு, தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நூலை வீசினான். அரை மணிக்குள் இரண்டு கிளக்கன். உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

காவல்காரர் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வந்ததால் காலடி கேட்கவில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னைத் தெரியாது.

"தகரத்துல என்ன?"

"இறால்."

"மேல வெள்ளையா இரிக்கே, சீனியா?"

நான் மச்சானைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மாட்டு வண்டியில் அரை மூட்டை உப்போடு பிடிபட்டவன். அடுத்த முறை அபராதம் இல்லை, சிறை மறியல்தான் என்று நீதவான் சொல்லியிருந்தார். வீட்டில் என் தங்கையும் நான்கு பிள்ளைகளும். என்றாலும் அவன் வாயைத் திறப்பான் என்றே நினைத்தேன். அவன் திரும்பவில்லை. அப்போது பார்த்து அவன் நூலை மீன் இழுத்தது. மெதுவாக இழுத்து, முள்ளைக் கழற்றி, மூன்றாவது கிளக்கனை மடியில் போட்டுக்கொண்டான். அவ்வளவு நேரமும் நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆர்ட உப்பு? ஒரு ஆள் சொல்லணும்" என்றார் காவல்காரர்.

"என்ட" என்றேன்.

"தொழில்?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புக் கந்தோர் கிளாக்கரா? நல்லாத்தான் காக்கிறீங்க!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி எழுதிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் பதினைந்து ரூபாய் அபராதம். அதைக் கட்டினேன். கந்தோரில் விளக்கம் கேட்டார்கள். நான் எழுதிய விளக்கத்தை நானே நம்பமாட்டேன், அவர்கள் எப்படி நம்புவார்கள்? டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், பென்சன் இல்லாமல். அதன் பிறகு ஒரு தேங்காய்க் கடையில் மரக்கறிக்குக்கூடப் போதாத சம்பளத்துக்குக் கணக்கு எழுதினேன். கண் மங்கியதும் அதுவும் போனது.

மச்சான் நீதிமன்ற வாசலில் ஒருமுறை, "நான் சொல்லத்தான் இருந்தன் மச்சான்" என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை. தங்கைக்கு அவன் சொல்லவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அடுத்த நோன்புப் பெருநாளுக்குப் போனபோது அவள் சோறு போட்டுக்கொண்டே, அண்ணனான என்னை எப்போதும்போல் 'நானா' என்று அழைத்துக் கேட்டாள்:

"இவ்வளவு படிச்சிட்டு ரெண்டு பிடி உப்புக்கு ஆசப்பட்டீங்களே நானா?"

அவன் பக்கத்தில் இருந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. சாகும்வரை அவள் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது அவனும் இல்லை. உண்மையைச் சொல்ல ஆள் இல்லை, கேட்கவும் இல்லை.

வேலையில் இருந்திருந்தால் 1952இல், ஐம்பத்தைந்து வயதில், இளைப்பாறியிருப்பேன். மாதம் முப்பத்தொரு ரூபாய்க்குக் குறையாமல் பென்சன் வந்திருக்கும். இந்த மாதத்தோடு இருநூற்றுப் பதினாறு மாதம். அபராதத்தையும் சேர்த்தால் ஆறாயிரத்து எழுநூற்றுப் பதினொரு ரூபாய்.